மூன்றடிப் பவளத் தொட்டிக்கு எந்த சம்ப்?

ஊரில் சம்ப் என்றால் வாசலில் பூமிக்கடியில் கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டி. லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அதில் வந்து விழும். மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுவோம், மேலே டேங்க் வழிவதற்குள் ஓடிப்போய் அணைப்போம். கடல்மீன் வளர்ப்பவர்கள் சம்ப் என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். மீன்தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே வழியும் தண்ணீர் குழாயில் இறங்கி அங்கே வருகிறது, சுத்தமாகிறது, ஒரு பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: ஊர் சம்ப்பில் மோட்டாரை அணைக்க மறந்தால் வீடு நனையும், இதில் அணைத்தால் நனையும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு மாதம் வந்திருந்தார். எங்கள் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில்தான் அவருக்குப் படுக்கை, அதே கூடத்தில்தான் தொட்டியும். நள்ளிரவில் எழுந்தவர் பம்ப் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "ராத்திரி பூரா மோட்டார் ஓடுதேப்பா, டேங்க் எப்பவோ ரொம்பியிருக்கும்னு அணைச்சுட்டேன்" என்றார் மறுநாள். அதற்குள் சுமார் பத்து லிட்டர் உப்புத் தண்ணீர் தரையில் பரவி, சோபாவின் கால் வரை போயிருந்தது. தப்பு அவருடையது இல்லை. சுவிட்சை அணைத்தால் வீடு நனையும்படி சம்ப்பை அமைத்தவன் நான்தான்.

இப்போது அந்த சம்ப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். தொட்டி அதேதான்: 90 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். பாறை, மணல் போக 160, 170 லிட்டர் தண்ணீர் நிற்கும். அலமாரியின் உள்பக்கம் 84 செ.மீ. நீளம், 41 ஆழம். இதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று இரண்டு மாதமாகக் கணக்குப் போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அளவுகள் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

முதலில், சம்ப் வேண்டுமா? பின்பக்கம் மூன்று அறைகள் தடுத்து, வடிகட்டுவதையெல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளும் ஒற்றைத் தொட்டிகள் கடைகளில் நிறைய கிடைக்கின்றன. இரண்டடிக்குள் என்றால் நான் அதையே வாங்குவேன். துளை போட வேண்டாம், குழாய் வேண்டாம், யார் சுவிட்சை அணைத்தாலும் தரை நனையாது. மென்பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றம் என்று இருப்பவர்களுக்கு அது போதும். மூன்றடியைத் தொட்டதும்தான் அது இடிக்கிறது. பின்னறைகள் ஒடுக்கமானவை, கை நுழையாது, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் என்ற கருவியில் நல்லது எதுவும் அதில் உட்காராது. ஹீட்டர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாய், சென்சர் எல்லாம் கண்ணில் படும். சம்ப் இருந்தால் இவை கீழே போய்விடும், மொத்தத் தண்ணீரும் கூடும். அதைவிட முக்கியம், ஆவியாகும் தண்ணீரின் குறைவு மேல்தொட்டியில் தெரியாது. சம்ப்பின் கடைசி அறையில் மட்டும்தான் மட்டம் இறங்கும்.

அந்தக் கடைசி அறையை, அதாவது தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையை, பலரும் மிச்ச இடத்தில் ஒதுக்குகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். 10 செ.மீ. நீளம், 37 செ.மீ. அகலம். ஒரு செ.மீ. உயரத்துக்கு 370 மில்லி தண்ணீர். சிங்கப்பூர் வெக்கையில் மின்விசிறி ஓடும் என் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் ஆவியாகும். அப்படியென்றால் ஒரே நாளில் மட்டம் 11 செ.மீ. இறங்கும், தானாக நன்னீர் நிரப்பும் ஏ.டி.ஓ. ஒரு நாள் மக்கர் செய்தால் மறுநாள் காலை பம்ப் காற்றை உறிஞ்சிக் கத்தும். அறையை 20 செ.மீ. ஆக்கினால் இறக்கம் ஐந்தரை செ.மீ.தான், இரண்டு நாள் தாங்கும். அப்புறம் ஏன் இன்னும் பெரிதாக வைக்கக்கூடாது? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, வடிகுழாய் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

சரி, அந்தப் பத்து லிட்டர் கணக்குக்கு வருவோம். பம்ப் நின்றதும் இரண்டு காரியம் நடக்கும். மேல்தொட்டியில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேல் நின்ற தண்ணீர் இறங்கும். அது போக, தண்ணீரை ஏற்றிய அதே குழாய் இப்போது சைஃபனாக மாறி, அதன் வாய் காற்றைத் தொடும் வரை தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். கேனிலிருந்து மண்ணெண்ணெய்யை டியூப் போட்டு உறிஞ்சி இறக்குவோமே, அதே வேலை. 90க்கு 45 தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் என்பது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். சலசலப்பு கேட்கக்கூடாதென்று நான் குழாயின் வாயை எட்டு செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன். எட்டு நாலு முப்பத்திரண்டு. ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் ஸ்கிம்மரிலும் இருந்ததைச் சேர்த்தால் 38 லிட்டர். என் சம்ப்பின் உள்பரப்பில் ஒரு செ.மீ.க்கு 2.2 லிட்டர் கொள்ளும்; ஆக 17 செ.மீ. ஏறும். ஏற்கெனவே 23 செ.மீ. தண்ணீர் இருந்தது. சம்ப்பின் உயரம் 36. மிச்சம் சோபா வரை போனது.

குழாய் வாயை மூன்று செ.மீ. ஆழத்துக்கு ஏற்றினால் இதே கணக்கு 18 லிட்டராகக் குறைகிறது. எட்டு செ.மீ.தான் ஏறும், 31இல் நிற்கும். ஒரு முழங்கை இணைப்பைத் திருப்பினால் முடிகிற வேலை. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் சின்ன துளை போட்டால் சைஃபன் உடனே அறும் என்பார்கள். போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள். சுண்ணாம்புப் பாசி ஆறு மாதத்தில் அந்தத் துளையை மூடிவிடும், சில சமயம் ஒரு நத்தையே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருவழி வால்வும் இதே கதிதான், ஒரு பாசித் துணுக்கு இடுக்கில் சிக்கினால் போதும். எல்லாத் துளையும் அடைத்திருக்கிறது, எல்லா வால்வும் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்போதும் சம்ப் வழியக்கூடாது. சம்ப்பின் அளவை முடிவு செய்ய வேண்டியது இதுதான். "தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு" என்ற வழக்கமான வாய்ப்பாட்டுக்கெல்லாம் நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

இறங்கும் வழி: ஒன்றா, இரண்டா, மூன்றா

மேலிருந்து தண்ணீர் இறங்க மூன்று பிரபலமான ஏற்பாடுகள் உண்டு. டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல். மூன்றுமே ஆர்வலர்கள் தங்கள் வீட்டுத் தொட்டிக்காகச் செய்துபார்த்தவை. பீன் அனிமல் என்பது ஒருவரின் புனைபெயர். பெயர் கேலியாக இருந்தாலும் ஆள் கணக்கில் கெட்டிக்காரர்.

டர்சோ ஒற்றைக் குழாய். தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும், அதனால் எப்போதும் ஒரு களகளச் சத்தம். மேலே உள்ள காற்றுத் துளையைக் கூட்டிக் குறைத்துச் சத்தத்தை அடக்கலாம், முழுதாக அடங்காது. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே வழி என்பதுதான் எனக்கு உறுத்தல். அது அடைபட்டால் பம்ப் பாட்டுக்குத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும். எவ்வளவு வழியும்? ரிட்டர்ன் அறையில் இருக்கும் அளவு. மற்ற அறைகளின் தண்ணீரைத் தடுப்புக் கண்ணாடி பிடித்துக்கொள்ளும். ரிட்டர்ன் அறையை ரொம்பப் பெரிதாக வைக்கக்கூடாது என்று முன்னே சொன்னதற்கு இதுதான் காரணம். 20 செ.மீ. அறையில் பம்ப் உறிஞ்சக்கூடியது சுமார் பத்து லிட்டர். என் தொட்டியில் விளிம்புக்குக் கீழே இரண்டரை செ.மீ. காலியாக இருக்கிறது, அதுவும் பத்து லிட்டர்தான். நூலிழையில் தப்பும். ஆனால் ஏ.டி.ஓ. என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ரிட்டர்ன் அறை காலி, ஆவியாகிவிட்டது போல என்று நினைத்து, தன்னிடம் இருக்கும் 20 லிட்டர் நன்னீரையும் ஊற்றும். பம்ப் அதையும் மேலே ஏற்றும். மேலே இடமில்லை. அத்தனையும் தரைக்கு.

ஹெர்பியில் இரண்டு குழாய்கள். ஒன்று காற்றே இல்லாமல் முழு சைஃபனாக ஓடும், ஒரு வால்வால் அதன் ஓட்டத்தை அளவாகத் திருகி வைக்க வேண்டும். இரண்டாவது சற்று உயரத்தில் சும்மா நிற்கும், முதலாவது அடைத்தால் வேலை செய்யும். சத்தம் கிட்டத்தட்ட இல்லை. காற்று கலக்காததால் சம்ப்பில் குமிழிகளும் வராது. இது எனக்குப் பெரிய லாபம், ஏனென்றால் குமிழிகளைப் பிடிக்கப் போடும் மூன்று தடுப்புக் கண்ணாடிகளுக்குப் பதில் ஒன்று போதும், ஏழெட்டு செ.மீ. இடம் மிச்சம். வால்வு வாங்கும்போது நெம்புகோல் மாதிரித் திரும்பும் பால் வால்வு வேண்டாம், சக்கரம் சுற்றும் கேட் வால்வாகக் கேளுங்கள். அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகினால்தான் இதில் மட்டம் நிற்கும். இன்னொரு சங்கதி: சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் இரண்டு செ.மீ. மட்டும் முங்கினால் போதும். பத்து செ.மீ. முங்கவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு குழாயில் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது.

பீன் அனிமலில் மூன்று. ஒரு சைஃபன், கொஞ்சம் தண்ணீர் வழிந்தோடும் ஒரு திறந்த குழாய், ஒரு காய்ந்த அவசரக் குழாய். ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திறந்த குழாய் ஈடுகட்டிவிடும், வால்வை அடிக்கடி தொட வேண்டாம். சைஃபன் அடைத்துக்கொண்டால் இந்தத் திறந்த குழாயே முழு சைஃபனாக மாறும். மூன்றில் சிறந்தது இதுதான், சந்தேகமில்லை. புதுத் தொட்டி செய்பவர்கள் மூன்று துளை போடச் சொல்லிவிடுங்கள், கண்ணாடி ஒட்டும் முன்னால் சொன்னால் பெரிய செலவில்லை. என் தொட்டியில் ஏற்கெனவே இரண்டு துளை. உயிரோடிருக்கும் தொட்டியில் மூன்றாவதைத் துளைக்க எனக்குத் தைரியமில்லை. ஆக ஹெர்பி. ரிட்டர்ன் குழாய் பின்விளிம்பின் மேலாக ஏறி வரும்.

பம்ப் விஷயத்தில் ஒன்று மட்டும். அட்டைப்பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தால் அது தரைமட்டக் கணக்கு. ஒன்றேகால் மீட்டர் உயரம் ஏற்றி, நாலு வளைவு திரும்பினால் பாதிதான் வந்து சேரும். கவலை வேண்டாம், சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் மூன்று முதல் ஐந்து மடங்கு ஓடினால் போதும். பவளங்களுக்கு வேண்டிய அலையை மேலே இருக்கும் அலைப்பம்ப் தரும். 45 வாட் ஏ.சி. பம்ப் வருடம் முழுக்க ஓடினால் 394 யூனிட், 25 வாட் டி.சி. பம்ப் என்றால் 219. யூனிட் 30 காசு கணக்கில் வருடத்துக்கு ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் மிச்சம். டி.சி. பம்ப்பின் கூடுதல் விலை இரண்டு, மூன்று வருடத்தில் வந்துவிடும். சத்தமும் குறைவு.

எதால் சுத்தம் செய்வது

இங்கேதான் ஆளாளுக்கு ஒரு கட்சி. பெர்லின் ஆர்வலர்கள் பிரபலப்படுத்திய முறை உயிர்ப்பாறையும் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல்பாறை) ஸ்கிம்மரும் மட்டும் போதும் என்கிறது. இன்றும் அதற்குப் பெர்லின் முறை என்றே பெயர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற ஆய்வாளர் நேரெதிர்ப் பாதையில் போனார்: பாசியை வளர்த்து அறுத்து எடுத்தால் கழிவும் அதோடு போய்விடும் என்றார். இன்றைய சம்ப்புகள் எல்லாம் இந்த இரண்டின் கலப்படம்தான். யார் எவ்வளவு கலக்கிறார்கள் என்பதுதான் சண்டை.

ஸ்கிம்மரை நான் விடமாட்டேன். பருப்பு கொதிக்கையில் மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுப்போமே, அதையே இந்தக் கருவி பொடிக் குமிழிகளை வைத்துச் செய்கிறது. மீன் கழிவு அழுகி நைட்ரேட் ஆவதற்கு முன்பே பெருமளவு வெளியே வந்துவிடும். கூடவே தண்ணீருக்குக் காற்றும் ஏறும். ஒரு நிபந்தனை: அது நிற்கும் அறையில் நீர்மட்டம் மாறவே கூடாது. என்னுடையது 20 முதல் 23 செ.மீ. கேட்கிறது. அதனால் ஸ்கிம்மர் அறைக்குப் பின்னால் வரும் தடுப்புக் கண்ணாடி 23 செ.மீ. உயரம். ஸ்கிம்மர் எது என்று முடிவு செய்யாமல் சம்ப்புக்கு அளவு கொடுத்தால் பின்னால் அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து உயர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

உயரத்தையும் பாருங்கள். என் பழைய ஸ்கிம்மர் 52 செ.மீ., அலமாரிக்குள் 60 இருந்தது, தாராளம் என்று நினைத்தேன். கழிவுக் கோப்பையைக் கழற்ற அதை மேலே 12 செ.மீ. தூக்க வேண்டும். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஒன்றரை வருடம் வாரா வாரம் கோப்பையைச் சாய்த்துச் சாய்த்து எடுத்து, அந்த நாற்றக் கஷாயத்தில் கொஞ்சத்தைச் சம்ப்பிலேயே திருப்பி ஊற்றியிருக்கிறேன்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பிடிப்பது. இதற்கு மூன்று வழி. 200 மைக்ரான் சாக் ஒன்று: காலுறை மாதிரி ஒரு பை, தண்ணீர் அதன் வழியே இறங்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிடும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மூன்று, நாலு நாளில் மாற்றியே ஆக வேண்டும். விட்டால் அடைத்து வழியும், பிடித்த அழுக்கு அங்கேயே அழுகும். மாற்றிய சாக்கை உள்வெளியாகத் திருப்பி, பைப் வைத்து அடித்து, குளோராக்ஸ் பிளீச்சில் ஊறப்போட்டு, அலசி, முழுக்கக் காயவைக்க வேண்டும். சோப்புத்தூள் ஆகாது. மூங்கில் கழியில் ஏழு சாக்குகள் வரிசையாகத் தொங்கும் காட்சி என் வீட்டில் நாலு மாதம் நீடித்தது. அப்புறம் அது யாருடைய துவைக்கும் இயந்திரம் என்ற கேள்வி வந்தது.

இரண்டாவது ரோலர். துணிச்சுருள் தானே நகர்ந்து புதுப்பக்கத்தைக் காட்டும், அழுக்குப் பக்கம் சுருண்டுகொள்ளும். ஒரு சுருள் ஒன்றிரண்டு மாதம் வரும். வேலைக்காக அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இதுதான். விலைதான் சாக்கைப் போலப் பல மடங்கு, சுருளுக்கும் தொடர்ந்து செலவு. சம்ப்பில் ஒரு முழு மூலையும் அதற்குப் போய்விடும், 60 செ.மீ. சம்ப்பில் ரோலரும் பெரிய ஸ்கிம்மரும் சேர்ந்து உட்காராது.

மூன்றாவது பஞ்சு. மீன் கடையில் சுருட்டி விற்கும் வெள்ளைப் பஞ்சுதான். துளையிட்ட ஒரு கோப்பையில் கைப்பிடி அளவு வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கி எறிவது. துவைக்க வேண்டாம். மறந்துபோனால் பஞ்சைத் தாண்டிக் கோப்பையின் விளிம்பில் வழிந்து சம்ப்புக்குள்ளேயே விழும், தரைக்கு வராது. கருவி என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. நான் இதைத்தான் எடுத்திருக்கிறேன். பஞ்சு வடிகட்டுவதில் சாக்கைவிட மேல் என்று சொல்லவரவில்லை. சாக்கைத் துவைக்க எனக்குச் சோம்பல், பஞ்சை எறியச் சோம்பல் இல்லை. ஒரு வருடம் கழித்தும் எந்த வேலையை முனகாமல் செய்வேன் என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்தது.

இனி ரெஃப்யூஜியம். சம்ப்பில் ஓர் அறையை ஒதுக்கி, விளக்குப் போட்டு, கீட்டோமார்ஃபா என்ற பாசியை வளர்ப்பது. பார்ப்பதற்குச் சிக்கெடுத்த பச்சை நைலான் கயிறு மாதிரி இருக்கும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் உறிஞ்சி வளரும், மாதம் ஒரு கைப்பிடி பறித்து எறிந்தால் கழிவும் அதோடு போகிறது. பாசிக்குள் கோபிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள் பெருகும். மேண்டரின் மீன் வளர்க்கும் ஆசை இருந்தால் இந்த அறை இல்லாமல் யோசிக்கவே வேண்டாம், அது பெரும்பாலும் இவற்றைத்தான் தின்று வாழ்கிறது. மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு கீழ்விளக்கு எரியும்படி வைத்தால் இரவில் பி.எச். இறங்குவதும் குறையும், ஜன்னலை மூடி ஏசி போடும் வீடுகளில் கரியமில வாயு தேங்கி பி.எச். கீழேயே நிற்பது எல்லோருக்கும் உள்ள தலைவலி. காலர்ப்பா வகைப் பாசியை யாராவது இலவசமாகக் கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள். திடீரென்று இனப்பெருக்க நிலைக்குப் போய், தண்ணீரையே பாலாக்கிவிட்டுச் செத்துப்போகும். மத்தியதரைக் கடலில் பரவிப் பேயாட்டம் போட்டதும் இதன் ஓரினம்தான், 1984இல் மொனாக்கோ கரையோரம் முதலில் கண்டார்கள்.

இவ்வளவு நல்லது என்றால் நான் ஏன் எடுக்கவில்லை? இடம். என் அலமாரியில் இரண்டே தேர்வு. 75 செ.மீ. சம்ப், அதில் ரெஃப்யூஜியத்துக்கு 15 செ.மீ.; ஏ.டி.ஓ. நன்னீர்க் கேனை அலமாரிக்கு வெளியே வைக்க வேண்டும். இல்லையென்றால் 60 செ.மீ. சம்ப், பக்கத்தில் 20 செ.மீ. அகலத்தில் நன்னீர்த் தொட்டி. 15 செ.மீ. ரெஃப்யூஜியம் என்பது 12 லிட்டர். அதில் வளரும் பாசி இந்த அளவுத் தொட்டிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. விளக்குச் செலவு, பாசித் துணுக்குகள் பம்ப்பில் சிக்குவது எல்லாம் மட்டும் முழுசாக வரும். நாலடிக்கு மேல் தொட்டி, 90 செ.மீ. சம்ப் வைக்க வசதி இருந்தால் என் பதில் மாறும். என் மீன்கள் ஐந்துதான், நைட்ரேட் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்கும் பத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதை இன்னும் கீழே தள்ளினால் பவளத்துக்கு நல்லது என்பதும் இல்லை. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாகிப் பழுப்புச் சளி மாதிரி டைனோ என்னும் நுண்ணுயிர் படர்ந்த தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

நன்னீர்த் தொட்டி பற்றிச் சிங்கப்பூர்க்காரர்கள் கவனிக்க ஒன்று. சம்ப்பில் உப்புத் தண்ணீர், ஓடிக்கொண்டே இருக்கும், கொசு வராது. ஏ.டி.ஓ. தொட்டியில் இருப்பது அசையாத சுத்தமான நன்னீர், ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பிதழ். குழாய்க்கு மட்டும் துளை வைத்து இறுக்கமாக மூடி போடுங்கள், டெங்கிச் சோதனைக்கு வருபவர்கள் அலமாரியைத் திறந்து பார்க்கவும் கூடும். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம். இங்கே அதில் குளோராமின் இருக்கிறது, ஒரு நாள் பிடித்து வைத்தால் பறந்துவிடும் குளோரின் மாதிரி இல்லை. ஆர்.ஓ. கருவியோடு கார்பனும், மிச்ச அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசினும் சேர்த்தே வாங்குங்கள்.

ஏ.டி.ஓ. சிக்கிக்கொண்டு முழுதும் ஊற்றிவிட்டால்? என் மொத்தத் தண்ணீர் சுமார் 200 லிட்டர், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. அதில் 20 லிட்டர் நன்னீர் சேர்ந்தால் 32க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். பவளங்கள் முகம் சுளிக்கும், சாகாது. 60 லிட்டர்க் கேன் வைத்தால் வாரக்கணக்கில் கவலையில்லை என்று நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். அதே விபத்து அங்கே நடந்தால் 27. நன்னீர்த் தொட்டி சின்னதாக இருப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

சூடு. கூடத்தில் 30, 31 டிகிரி சாதாரணம், பவளங்களுக்கு 25, 26 வேண்டும். மின்விசிறி ஊதினால் இந்த ஈரக்காற்றில் இரண்டு, மூன்று டிகிரிதான் இறங்கும். மென்பவளத்துக்குச் சமாளிக்கலாம், கடினப் பவளத்துக்குச் சில்லர் வேண்டும். சில்லரை அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது வெளியேற்றும் வெப்பத்தை அதே அலமாரித் தண்ணீரே திருப்பி வாங்கிக்கொள்ளும், மின்கட்டணம் மட்டும் ஏறும். வெளியே வைத்து, அதன் இரண்டு குழாய்களுக்கு அலமாரியின் பக்கப்பலகையில் இப்போதே துளை. தண்ணீரை எடுப்பதும் திருப்பி விடுவதும் ரிட்டர்ன் அறையில். அலமாரிப் பலகையின் வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் எபாக்ஸி அடித்துவிடுங்கள், உப்பு ஈரம் ப்ளைவுட்டை அப்பளமாக ஊதவைக்கும்.

எதில் செய்வது என்பதில் பெரிய யோசனை வேண்டாம். அக்ரிலிக் அழகு, விலையும் அழகு. பெரிய பிளாஸ்டிக் டப்பா மலிவு, ஆனால் தண்ணீர் நின்றதும் வயிறு பெருக்கும், தடுப்புக் கண்ணாடி அதில் ஒட்டாது. ஆறு மில்லிமீட்டர் கண்ணாடியில் நம் அளவுக்குச் செய்து வாங்குவதுதான் மூன்றடித் தொட்டிக்காரருக்குச் சரி. ஆர்டர் கொடுக்குமுன் அலமாரிக் கதவின் திறப்பை அளந்துகொள்ளுங்கள், உள்ளளவை அல்ல. நடுவில் ஒரு தூண் இருந்தால் 60 செ.மீ. சம்ப் சாய்த்தால்கூட நுழையாது; தொட்டியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், 160 லிட்டரை வடித்துவிட்டு.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்ப் கணக்கெல்லாம் அங்கேயும் இதேதான், ஆனால் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில் சட்டம் இருக்கிறது. பாறைகட்டும் கடினப் பவளங்கள், கடல்விசிறி, கரும்பவளம் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மண்டபம் கடற்கரையில் ஒதுங்கிய துண்டு என்று எடுத்து வந்தாலும் குற்றமே.

கடைசியில் தாளில் வரைந்தது இது. இடப்பக்கம் 31 செ.மீ. அறை, அதில் பஞ்சுக் கோப்பையும் ஸ்கிம்மரும். 23 செ.மீ. உயரத் தடுப்பு ஒன்று. வலப்பக்கம் ரிட்டர்ன் பம்ப்புக்கு 20 செ.மீ. நடுவில் ஏழு செ.மீ. சும்மா. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன வரும்?" என்றார். ஒன்றும் வராது என்றேன். ஹீட்டர், கார்பன் பை, தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சும் குழாய், முழங்கை வரை என் கை, இவையெல்லாம் அங்கேதான் போகும். பழைய சம்ப்பில் எனக்கு இல்லாமல்போன அறை அதுதான்.

வரும் சனிக்கிழமை சம்ப் வருகிறது. ஸ்கிம்மரைத் தவிர மற்றதையெல்லாம் மாட்டி, மட்டம் நின்றதும் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பேன். அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் ஒரு கோடு. கணக்குப்படி 31 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். அப்புறம் ரிட்டர்ன் குழாயின் சைஃபன் அறுக்கும் துளையில் விரலை வைத்து அடைத்து ஒருமுறை, சைஃபன் குழாயை மூடிவிட்டு ஒருமுறை. அம்மா டிசம்பரில் மறுபடி வருகிறார். சுவிட்சில் ஒரு தாள் ஒட்டலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம், அணைக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.